பலகைக்கு முப்பது சொல்

ஆறு பலகை என்றார்கள்.
ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் ஆண்டு,
ஆண்டுக்குக் கீழே முப்பது சொல்.
'பினாங்குத் தமிழ்ப்பாட்டின் மைல்கற்கள்.'
லெபோ பசாரில் பழைய கிட்டங்கியின் மாடி,
தீபாவளிக்கு முந்தின வாரம் திறப்பு.
கூலி, பலகைக்கு எண்பது வெள்ளி.

முதல் பலகை எளிது.
கம்பியில் வந்த வானொலி:
சுவரில் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரே திருகு.
'வாயை அடைக்கலாம், பேச்சை மாற்ற முடியாது'
என்று எழுதினேன்.
நகைச்சுவை வேண்டாம் எனத் திரும்பி வந்தது.

இரண்டாவது, மின்கிதார்.
ஜெலுத்தோங்கில் ஒரு கல்யாணம்.
மாப்பிள்ளை வீட்டார் நாதஸ்வரம் கேட்டார்கள்,
பெண் வீட்டார் கிதார்.
ஒரே பந்தலுக்கு இரண்டும் வந்து சேர்ந்தன.
நாதஸ்வரக்காரர் தோடியை எடுக்க
கிதார்ப் பையன் பின்னாலேயே ஓடினான்,
சைக்கிளில் லோரியைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி.
மூன்றாம் நிமிடம் ஃபியூஸ் போனது.
தவில் நிற்கவில்லை.
அறுபத்து மூன்று என்கிறார் பந்தல்காரரின் மகன்,
அறுபத்தைந்து என்கிறது கல்யாணப் பத்திரிகை.
1963–65 என்று போட்டேன்,
முழுசாக இரண்டு வருடம்
ஃபியூஸ் போயே கிடந்ததுபோல.

மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன்.

இங்கே எழுதி, இங்கே மெட்டமைத்து,
இங்கத்துக் குரல் பாடிய இசைத்தட்டு.
ஆயர் ஈத்தாமில் ஒரு காயலான் கடையில் கிடைத்தது.
ஓரம் சில்லுப் போயிருந்தது, பன்னிரண்டு வெள்ளி.
லேபிளில் எல்லாரும் இருக்கிறார்கள்:
பாடலாசிரியர், கிதார், டிரம்ஸ், விநியோகஸ்தர்,
அட்டை அச்சடித்தவரின் கடை எண் வரை.
பாடியவர்: 'மற்றும் குழு'.

ஊசி இறங்கினால்
முதலில் எண்ணெய் காயும் சத்தம்,
அப்புறம் கிதார்,
அப்புறம் அவள்.
ஒரே ஒருத்தி. இருபது வயது இருக்கலாம்.
மழையை 'மளை' என்றுவிட்டு
அடுத்த அடியில் ஞாபகம் வந்து
நாக்கை மடித்துக்கொள்கிறாள்.
இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
யாரோ இருமுகிறார்கள், ஆண்.
அதற்கும் பெயர் இல்லை.

கிதார்க்காரர் தேவநேசனின் மகள்
செலவு நோட்டைத் தேடி எடுத்துத் தந்தாள்.
பிறையிலிருந்து சிங்கப்பூருக்கு ரயில், ஆறு பேர்.
கிதார் கம்பி, ஒரு செட்.
இன்னாசியம்மா, பதினைந்து வெள்ளி.
இன்னாசியம்மா, லீவுக்குப் பிடித்த சம்பளம், மூன்று வெள்ளி.
இன்னாசியம்மா அண்ணனுக்குச் சமாதானம், பிராந்தி, ஒரு போத்தல்.

மூன்று வரி கொடுத்திருக்கிறார்கள் அவளுக்கு,
அதிலும் ஒன்று அண்ணன் குடித்தது.

பெரியாஸ்பத்திரி ஓய்வூதியப் பட்டியலில்
நான்கு இன்னாசியம்மா.
இருவர் இறந்துவிட்டார்கள்.
ஒருவருக்குப் பாட்டென்றாலே தலைவலி.
நான்காமவர் புக்கிட் மெர்த்தாஜாமில் போனை எடுத்தார்.
முப்பது வருடம் மிஸ்ஸியாக இருந்தவரின் குரல்,
'எங்கே வலிக்குது?' என்று கேட்கப்போவதுபோல.
தட்டைப் பற்றிச் சொன்னேன்.
ஊசி வரிகளுக்கிடையே போய்வருகிற அளவு மௌனம்.
பிறகு,
'அந்த இருமல் இன்னும் இருக்கா?'

இருக்கிறது என்றேன்.

'அண்ணன்தான். காவலுக்கு வந்துச்சு.
மறுபடி எடுக்கணும்னாங்க, நேரமில்ல, ரயிலுக்குப் போகணும்.
போட்டோகூட இல்ல அதுக்கு.'

பெயரைப் போடட்டுமா என்றேன்.
'இன்னாசியம்மான்னு போடாதே.
தட்டுக்குன்னு ஒரு பேரு யோசிச்சு வச்சிருந்தேன்.
ஒருத்தரும் கேக்கல.'

நான்காவது கேசட்,
ஐந்தாவது எஃப்.எம்.,
ஆறாவது செந்தூலிலிருந்து வந்திறங்கிய ராப்.
அவற்றை யாராவது எழுதட்டும்,
அவற்றுக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

மூன்றாம் பலகையை அனுப்பிவிட்டேன்:

பாடியவர், ஸ்டெல்லா தென்றல்.
இருமியவர், அண்ணன் சவரிநாதன்.

ஆறு சொல்.
மீதி இருபத்து நான்குக்கு
வேண்டுமானால்
கூலியில் பிடித்துக்கொள்ளுங்கள்.